வாயில என்ன கண்ணு?

அந்த அறையின் கதவு மூடியதும் எனக்கு முதலில் வந்தது நிம்மதிதான். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது.

சுவர் முழுக்கச் சாம்பல் நிறப் பஞ்சு. எதிரே கனத்த கண்ணாடி. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் ஹெட்போன் மாட்டிக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தாள். வெளியே கோவை ஆர்.எஸ்.புரத்துச் சாலையின் ஹாரன் சத்தம் கதவோடு நின்றுபோயிற்று. நம் மூச்சே நமக்குக் கேட்கிற அந்த அமைதியில்தான் என் பிழைப்பு நடக்கிறது. பெங்களூரிலும் கொச்சியிலும் இப்படிப்பட்ட அறைகளுக்குள் நின்றுதான் பாடுவேன். கதவு மூடியதும் தோள் தானாகத் தளரும். இது பாடுகிற அறை இல்லை, காது சோதிக்கிற அறை என்பது என் தோளுக்குத் தெரியவில்லை.

மடியில் என் மகள் யாழினி. மூன்று வயதை நெருங்கிக்கொண்டிருந்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ‘அம்மா’கூட இல்லை. அழுவாள், சிரிப்பாள், வேண்டியதை விரல் நீட்டிக் காட்டுவாள். அவ்வளவுதான்.

கூரையில் இருந்த ஸ்பீக்கர் வழியாக அந்தப் பெண்ணின் குரல் வந்தது. “மேடம், மாஸ்க்கை நல்லா மேல ஏத்திக்கோங்க. நீங்க வாயசைச்சா பாப்பா அதப் பார்த்துட்டுத் திரும்பிப்போடும். சத்தம் கேட்டுத் திரும்புதான்னுதான் நாம பார்க்கோணும்.”

ஏற்றிக்கொண்டேன். அறை விளக்கு மங்கியது. வலப்பக்கத்திலிருந்து மெல்லிய கூவல் ஒன்று வந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. யாழினி திரும்பவில்லை. என் மாஸ்க்கின் ஓரத்தில் விரலை விட்டு அதைக் கீழே இழுப்பதிலேயே குறியாக இருந்தாள்.

இடப்பக்கம் கூவியது. திரும்பவில்லை.

இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்கிறேன். அந்த அறைக்கு எப்படி வந்து சேர்ந்தோம் என்று சொல்லாவிட்டால், அந்தக் கண்ணாடியில் நான் பார்த்தது உங்களுக்குப் புரியாது.

குழாயடி

போன வாரம் இந்தத் தொடரில், கல்லூரி மேடையில் மைக் நின்றுபோன கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு அன்னூரிலிருந்து ஓர் அம்மா கேட்டிருந்தார்: “நம்மூருப் புள்ள நீ. இத்தன பாஷைய எங்க கண்ணு கத்துக்கிட்ட?”

உங்கள் ஊரில்தான் அம்மா. அன்னூருக்கு வெளியே, மில்லுக்கு எதிரே இருந்த லைன் வீடுகளில். என் அம்மா அந்த மில்லில் நூல் நூற்கிற பிரிவில் வேலை பார்த்தார். பக்கத்து வீடு தெலுங்குக் குடும்பம். மூன்றாம் வீட்டுக்காரர்கள் சத்தியமங்கலத்துக்கு மேலே மலையிலிருந்து வந்தவர்கள், கன்னடம் பேசுவார்கள். முனையில் டீக்கடை வைத்திருந்தவர்கள் பாலக்காட்டுக்காரர்கள். எல்லாருக்கும் ஒரே குழாய். தண்ணீர் வரும் நேரத்தில் அங்கே நடந்த சண்டையில்தான் என் படிப்பு. பாட வருவதற்கு முன்பே எனக்கு நாலு பாஷையில் சண்டை போட வரும். கொச்சியில் ஒரு சவுண்ட் இன்ஜினியர், “உங்க மலையாளத்துல ஒரு வேகம் இருக்கு” என்று பாராட்டினார். அது குடத்தை முன்னால் நகர்த்திய வேகம் என்று அவரிடம் சொல்லவில்லை.

பாட்டு சர்ச்சில் வந்தது. ஞாயிறு பாடகர் குழுவில் முன்வரிசை. பிறகு கோவையில் கல்லூரி, விடுதி மொட்டை மாடி, போனில் பதிவு செய்து போட்ட பாட்டுகள். அவற்றில் நானே எழுதி மெட்டமைத்த ஒன்று எப்படியோ ஊரெல்லாம் ஓடியது. அதிலிருந்து பாட்டுதான் தொழில் என்றாகிவிட்டது. இன்றைக்கும் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால் கேள்வி ஒன்றுதான்.

“சினிமாவுலயா பாடற அம்மணி?”

“இல்லைங்க. நானே எழுதிப் பாடற ஆல்பம் பாட்டுங்க.”

“அது சரி. சினிமாவுக்கு எப்ப?”

அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். மில்லுக்குள் இயந்திரச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அங்கே பெண்கள் குரலை வீணாக்காமல் வாயை அகலமாக அசைத்தே பேசிக்கொள்வார்கள். எதிர் வரிசையில் இருப்பவள் அதைப் பார்த்தே புரிந்துகொள்வாள். ஷிப்ட் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நேரம் அம்மாவுக்கு அந்தப் பேச்சுதான் வரும். முடியில் பஞ்சு ஒட்டியிருக்கும். ‘சாப்பிட்டாச்சா’ என்று சத்தமே இல்லாமல் உதடு மட்டும் கேட்கும். தலையாட்டுவேன். அது ஒரு விசேஷம் என்றே எனக்கு அப்போது தோன்றியதில்லை. எல்லா அம்மாக்களும் வேலையிலிருந்து வந்தால் அப்படித்தான் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன்.

உதடு சேரும் இடம்

என் தொழிலில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. வெளியே யாருக்கும் தெரியாது.

ஒரே பாட்டைத் தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என நாலு மொழியிலும் வெளியிடுவோம். ஆனால் வீடியோ ஒரு முறைதான் எடுப்பார்கள். நாலு முறை எடுக்கக் கட்டுப்படியாகாது. அதனால் என் வாய் தமிழில் அசைந்த அசைவுக்கே மற்ற மூன்று மொழிச் சொற்களும் பொருந்த வேண்டும். ல, ள, ர, ழ எல்லாம் வாய்க்குள்ளே நடப்பவை, கேமராவுக்குத் தெரியாது. ப, ம வந்தால்தான் ஆபத்து. உதடு சேர்ந்துவிடும். படத்தில் உதடு சேரும்போது பாட்டில் உதடு சேராத எழுத்து வந்தால், பார்க்கிறவர்களுக்கு என்ன தப்பு என்று சொல்லத் தெரியாது, ஆனால் பாட்டு பொய்யாகிவிடும்.

போன ஆண்டு எழுதிய பாட்டு, ‘மழையே என் பேர் சொல்லிப் போ’ என்று தொடங்கும். மழைக்கு மலையாளத்தில் மழ, கன்னடத்தில் மளெ. உதட்டுக்கு மூன்றும் ஒன்றுதான். தெலுங்குதான் தகராறு செய்தது. அங்கே மழைக்கு வான. உதடு சேராது. பல நாள் யோசித்து, மேகம் என்று பொருள் தரும் ‘மப்பு’ என்ற சொல்லைப் பிடித்தேன். நீட்டிப் பாடினால் அதன் ‘ப்பு’ சரியாக ‘பேர்’ வருகிற இடத்தில் விழும்.

என் கணவர் டேனியல் தலையில் கை வைத்துக்கொண்டார். “உன்ற பாட்டுல மப்புன்னு வந்தா, சர்ச்சுல அத்தன பேரும் என்னையத்தான் திரும்பிப் பார்ப்பாங்க.”

வீடியோ எடுப்பதற்கு முன் பல வாரங்கள் வீட்டில் பழகுவேன். காதில் ஹெட்போன், எதிரே கண்ணாடி. குரலை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதால் சத்தம் வராது. உதடு மட்டும் நாலு மொழியிலும் மாறி மாறிப் பாடும். மூச்சு வாங்குகிற இடத்தில் சரியாக மூச்சு வாங்குவேன். குழந்தை பிறந்த பிறகு எனக்கென்று தனி நேரம் கிடையாது. யாழினியை மடியில் வைத்துக்கொண்டுதான் எல்லாம்.

சமத்துப் பிள்ளை

அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள். கண் கொட்டாமல். ஒரு வயதிலேயே அப்படி. மற்றக் குழந்தைகள் கண்ணைப் பார்த்துச் சிரிக்கும், இவள் உதட்டைப் பார்ப்பாள்.

“எவ்ளோ சமத்து பாரு. அம்மா பாடறத விட்டுக் கண்ண எடுக்க மாட்டீங்குது” என்பார் அத்தை. என் மாமியாரைத்தான் சொல்கிறேன். கோவை கணபதியில் அவருடைய வீட்டில்தான் எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம்.

எனக்கும் பெருமை. என் முதல் ரசிகை என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். பாடுகிறவளுக்கு யாராவது தன்னையே பார்த்துக்கொண்டிருந்தால் அது பாட்டுக்காக என்றுதான் தோன்றும். வேறு காரணம் இருக்கலாம் என்று தோன்றவே தோன்றாது.

அன்னூரிலிருந்து என் அம்மா வந்தால் மட்டும் யாழினி அவரை விட்டு நகரமாட்டாள். மடியில் ஏறி உட்கார்ந்து அவர் பேசுவதையே பார்ப்பாள். “தேன்மிட்டாய் கொண்டாறாங்கல்ல, அதான்” என்று அத்தை சிரிப்பார்.

இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது. யாழினி அடிக்கடி எதையோ மெல்லுவாள். வாய் திறந்து மூடும், உதடு குவியும். கீழே கிடந்த எதையோ எடுத்துப் போட்டுக்கொண்டாள் என்று அத்தை ஓடி வருவார்.

“வாயில என்ன கண்ணு? துப்பு. பாட்டிக்குக் காட்டு. பட்டனா? கல்லா?”

விரலை விட்டுத் துழாவிப் பார்ப்பார். ஒன்றும் இருக்காது. “முழுங்கிப்போட்டா போல” என்று பயந்து வாழைப்பழம் கொடுப்பார். நானும் துழாவியிருக்கிறேன். அவள் தினமும் எதை விழுங்குகிறாள் என்று கவலைப்பட்டுக் கட்டில் அடியிலெல்லாம் கூட்டியிருக்கிறேன்.

ஒரே பாஷை

இரண்டு வயது தாண்டியும் பேச்சு வராதபோது எல்லாரும் அவரவர்க்குத் தெரிந்ததைச் சொன்னார்கள். சர்ச் வாசலில் ஒரு பெண்மணி, என் காதுபடவே, “அம்மா பாட்டுக்காரி. புள்ளைக்குப் பேரு யாழினி. வாயே தொறக்க மாட்டீங்குது பாரு” என்றார். டேனியல் அவரிடம், “உங்களுக்குஞ் சேர்த்துப் பொறவு அவ பேசிக்குவா” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தார்.

அத்தை அப்படிப்பட்டவர் அல்ல. ஒரு நாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“நான் தப்பாச் சொல்றேன்னு நெனைக்காத கண்ணு. காலையில போன்ல கன்னடம் பேசற. மத்தியானம் தெலுங்குல முணுமுணுக்கற. எங்ககிட்டத் தமிழு. சின்னப் புள்ள, எதப் புடிக்கறதுன்னு தெரியாமத் தெகச்சு நிக்குதோன்னு ரோசனையா இருக்குது. ஒரே பாஷையாப் பேசிப் பாரேன்.”

நான் படித்தவள். போனில் தேடினேன். பல மொழி கேட்டு வளரும் குழந்தைகளுக்கு அதனால் கெடுதல் இல்லை என்று ஒரு பக்கம் இருந்தது. தாமதமாகும் என்று இன்னொரு பக்கம் இருந்தது. கெடுதல் இல்லை என்பதை நம்பி அது தப்பாகிவிட்டால் என்ன செய்வது என்ற ஒரே கேள்விதான் மனதில் நின்றது. மொழியை விட்டால் என் தொழில் போகும், விடாவிட்டால் குழந்தையின் பேச்சு போகும். இப்படித்தான் கணக்குப் போட்டேன். இப்படிப் போட்டால் எந்தத் தாய்க்கும் விடை ஒன்றுதான்.

பெங்களூரில் இருக்கும் விவேக்கை அழைத்தேன். என் பாட்டுகளைத் தயாரிப்பவர் அவர். தமிழ் பாடி முடித்தாயிற்று, வீடியோவும் எடுத்தாயிற்று, மற்ற மூன்று மொழியும் என்னால் பாட முடியாது என்றேன்.

“ஏன் ஜெஸி, நாலும் ஒரே வாயில வருதுன்னுதானே உன்ன வெச்சுப் பண்றோம்?”

“வீட்டுல கொழந்தைக்கு…”

“புரியுது. நான் கட்டாயப்படுத்தல. ஆனா வெளியீடு நிக்காதும்மா. மூணுக்கும் வேற பொண்ணுங்களப் பாட வெச்சுடுவோம். வீடியோல மட்டும் நீ இருப்ப.”

என் முகம், என் உதடு, நான் தேடிப் பிடித்த சொற்கள். உள்ளே வேறு ஒரு பெண்ணின் குரல். சரிங்க என்றேன். போனை வைத்த பிறகு, இன்னும் கொஞ்சம் பேசிப் பார்த்திருக்கலாமோ என்று தோன்றியது. பேசியிருந்தால், குழந்தையை விடப் பாட்டு பெரிதா என்று தோன்றியிருக்கும்.

ஹெட்போனை அலமாரிக்குள் வைத்தேன். கண்ணாடி முன் உட்காருவதை நிறுத்தினேன். வீட்டில் தமிழ் மட்டும், அதுவும் ஒரு சொல்லைப் பல தடவை: பால், பந்து, பூனை. முணுமுணுப்பைக்கூட அடக்கிக்கொண்டேன். சமையலறையில் வாய் தானாகத் தெலுங்கு வரியைத் தொடங்கினால் உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

யாழினிக்கு அது பிடிக்கவில்லை. என் முகவாயை இரண்டு கையாலும் பிடித்துத் தன் பக்கம் திருப்புவாள். ஒரு நாள் அலமாரியைத் திறந்து ஹெட்போனை இழுத்துக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். போட்டுவிட்டு உட்கார்ந்து என் வாயைப் பார்த்தாள். காத்திருந்தாள்.

நான் அதை எடுத்துத் திரும்ப உள்ளே வைத்தேன்.

மாதங்கள் போயின. பேச்சு வரவில்லை.

கடைசியில் டேனியல்தான் கவனித்தார். அவர் பம்ப்செட் கம்பெனியில் மோட்டார் சோதிக்கிற வேலையில் இருக்கிறார். மோட்டார் ஓடும் சத்தத்தை வைத்தே உள்ளே என்ன கோளாறு என்று சொல்வது அவர் பழக்கம். ஒரு சாயங்காலம் வீட்டுக்குள் வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் நின்றார்.

“ஜெஸி, நான் வண்டிய வாசல்ல நிறுத்தி ஹாரன் அடிச்சேன். இவ முதுகக் காட்டிட்டு வெளையாடிட்டே இருந்தா. உள்ள வந்து எதுக்க நின்ன பொறவுதான் ஓடி வாரா. நேத்தும் இதேதான்.”

“வெளையாட்டுல இருந்திருப்பா.”

“தினமுமா?”

அத்தை உடனே மறுத்தார். “காது கேக்காமயா? குக்கர் விசில் அடிச்சாத் திரும்பறாளே. கூப்புட்டா வாராளே.”

“எதுக்க நின்னு கூப்புட்டா வாரா. பொறத்தால நின்னு கூப்புட்டுப் பாரும்மா.”

அத்தை வெங்காயக் கூடையைக் கீழே வைத்தார். யாழினிக்குப் பின்னால் போய் நின்றார். “யாழினி” என்றார். “கண்ணு. சாமி. அம்மணி.” குரல் உயர்ந்துகொண்டே போனது. யாழினி பிளாஸ்டிக் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள்.



கண்ணாடியில்

இப்போது அந்த அறைக்குத் திரும்புகிறேன்.

கூவல் மெல்ல மெல்லப் பெரிதானது. எனக்கே காது கூசுகிற அளவுக்கு வந்த பிறகுதான் யாழினி ஒரு முறை திரும்பினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் தலையைக் குனிந்து எதையோ குறித்துக்கொண்டாள். அவள் முகத்தைப் படிக்க முயன்றேன். தொழிலில் பழகிய முகம், நல்லதும் கெட்டதும் காட்டாது.

யாழினி மாஸ்க்கை இழுத்து இழுத்துத் தோற்றுப்போனாள். கோபத்தில் எனக்கு முதுகைக் காட்டி, கண்ணாடியைப் பார்த்து உட்கார்ந்தாள். விளக்கு மங்கலாக இருந்ததால் கண்ணாடியில் எங்கள் இருவரின் முகமும் தெரிந்தது. இது போன்ற கண்ணாடிகளில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எத்தனையோ பாட்டுகள் பாடியிருக்கிறேன். உதடு சரியாகச் சேர்கிறதா என்று பார்ப்பது பழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் பார்த்தேன்.

யாழினி வழக்கம்போல் எதையோ மெல்ல ஆரம்பித்தாள்.

உதடு சேர்ந்தது. விரிந்தது. ஓர் இடைவெளி. மறுபடி சேர்ந்தது. இன்னோர் இடைவெளி. மறுபடி சேர்ந்து, குவிந்து நின்றது.

‘வாயில என்ன கண்ணு’ என்று கேட்கப் போனவள் நிறுத்திக்கொண்டேன். அவள் திரும்பவும் ஆரம்பித்தாள். அதே இடங்களில் சேர்ந்தது. அதே இடத்தில் குவிந்தது. குவிந்து முடிந்ததும், தோள் லேசாக ஏற, ஒரு மூச்சு வாங்கினாள். அந்த வரிக்குப் பிறகு நான் மூச்சு வாங்குகிற அதே இடம்.

மழையே என் பேர் சொல்லிப் போ.

அவள் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தேன். அதிர்வே இல்லை. வெறும் உதடு.

“மேடம், இவ பாடறா” என்றேன். மாஸ்க்கை எப்போது கழற்றினேன் என்று தெரியவில்லை.

ஸ்பீக்கரில் குரல் வந்தது. “என்ன சொல்றீங்க? எனக்கு ஒண்ணும் கேக்கலீங்களே.”

“சத்தம் இல்லைங்க. நான் சத்தமில்லாமப் பழகுவேன். அதப் பார்த்து… அப்படித்தான் பாடோணும்னு நெனச்சிருக்கா. பாடறதுன்னா இதுதான்னு.”

அந்தப் பெண் ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்து உள்ளே வந்தாள். யாழினியின் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தாள். யாழினி மூன்றாவது முறையாகப் பாடினாள். புதிதாக ஒருவர் கேட்கிறார் என்ற சந்தோஷம் அவள் முகத்தில்.

“என்ன வார்த்தைங்க மேடம்?”

“மொதல் வார்த்தை மழை.”

“தமிழ்லயா?”

ஆமாம் என்று சொல்ல வந்தேன். தமிழ், மலையாளம், கன்னடம், தெலுங்கு என நாலிலும் அவள் மடியில் இருக்கத்தான் பழகினேன். நாலும் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று பாடுபட்டு எழுதினவளும் நான்தான். அந்த உதட்டைப் பார்த்து எந்த மொழி என்று யாராலும் சொல்ல முடியாது.

“தெரியலைங்க” என்றேன்.

அப்புறம் டாக்டர் பார்த்தார். இரண்டு காதிலும் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருக்கிறது, அடிக்கடி சளி பிடித்ததில் தேங்கி நின்றுபோயிற்று என்றார். தண்ணீர்த் தொட்டிக்குள் தலையை முக்கிக்கொண்டு வெளியே பேசுவதைக் கேட்டால் எப்படி இருக்குமோ, அவளுக்கு உலகம் அப்படி இருந்திருக்கிறது. குக்கர் விசில் எட்டும், பேச்சு எட்டாது. சரிசெய்துவிடலாம், ஆனால் பேச்சு வரக் காலம் பிடிக்கும் என்றார்.

எனக்கு ஒன்று கேட்க வேண்டியிருந்தது. கேட்பதற்கு வெட்கமாகவும் இருந்தது.

“டாக்டர், வீட்டுல நாலு பாஷை பேசறதால…”

அவர் எழுதிக்கொண்டே சொன்னார். “காதுக்குள்ளயே போகாத பாஷை எத்தனையா இருந்தா என்னம்மா?”

வெளியே வந்ததும் டேனியல் யாழினியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தார். அவள் அவர் தோளுக்கு மேலாக என்னைப் பார்த்து வாயை அசைத்துக்கொண்டே வந்தாள். இத்தனை நாளும் அத்தையும் நானும் விரல் விட்டுத் துழாவினோமே, அந்த வாயை.

ஸ்பீக்கர்

மருந்தில் நீர் முழுதாக வடியவில்லை. செவிப்பறையில் பொடிக் குழாய் வைக்கிற சின்ன அறுவை சிகிச்சை நடந்தது. மயக்க மருந்துக்குக் கையெழுத்துப் போட்டபோது, இன்னொரு டாக்டரையும் கேட்டிருக்க வேண்டுமோ என்று நினைத்தேன். போட்ட பிறகும் நினைத்தேன்.

முதல் நாட்களில் வீடே அவளுக்குப் பயமாக இருந்தது. மிக்ஸி போட்டால் அலறுவாள். குழாயில் தண்ணீர் வாளியில் விழும் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்வாள். அத்தை சட்னி அரைப்பதற்கு மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போவார். “எங்கூட்டு அம்மணிக்குக் காது கேக்குதுங்க, அதான்” என்று அங்கே எல்லாரிடமும் சொல்வார்.

விவேக்கை அழைத்தேன். கன்னடமும் தெலுங்கும் வேறொருத்தி பாடி முடித்திருந்தாள். கன்னடத்தை அனுப்பி வைத்தார். பார்த்தேன். என் வாய் அசைகிறது, அவள் குரல் வருகிறது. உதடு ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை. நன்றாகவே பாடியிருக்கிறாள். அந்த நன்றாக இருப்பதைத்தான் என்னால் முழுக்கப் பார்க்க முடியவில்லை. பாதியில் நிறுத்திவிட்டேன். தெலுங்கைக் கேட்கவே இல்லை. ‘மப்பு’ என்ற அந்தச் சொல்லை இன்னொருத்தி பாடுவதைக் கேட்க இன்னும் தைரியம் வரவில்லை.

“மலையாளம் இன்னும் யாருக்கும் குடுக்கல ஜெஸி” என்றார் விவேக். “மாசக் கடைசிக்குள்ள வருவியா?”

வருகிறேன் என்றேன்.

அலமாரியைத் திறந்து ஹெட்போனை எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு யோசித்தேன். பிறகு அதை வைத்துவிட்டு, கூடத்தில் ஸ்பீக்கரை இணைத்தேன். இசை முதல் முறையாக எங்கள் வீட்டுக் காற்றில் வந்தது. குரலை மிச்சம் பிடிக்காமல், மலையாளத்தில், வாய் விட்டுப் பாடினேன்.

யாழினி கூடத்தின் மறுகோடியில் மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். எனக்கு முதுகைக் காட்டி.

அவள் திரும்பவில்லை.

ஒரு வரி பாடினேன். இரண்டாவது வரி. பாடினால் ஓடி வந்து என் வாயைப் பார்க்கிறவள், அசையவே இல்லை. மறுபடி அடைத்துக்கொண்டதா? நேற்றுத் தலைக்கு ஊற்றினேனே, காதுக்குள் தண்ணீர் போயிருக்குமோ? டாக்டர் பஞ்சு வைக்கச் சொன்னாரே, சரியாக வைத்தேனா? வரியின் நடுவிலேயே நின்றுவிட்டேன். ஸ்பீக்கரில் இசை மட்டும் போய்க்கொண்டிருந்தது.

அந்த இடைவெளியில், அந்த முதுகுக்கு அப்பாலிருந்து ஒரு சத்தம் வந்தது.

“மய.”

கரகரப்பான, பழகாத குரல். வேறு யாரோ வீட்டுக்குள் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

கரண்டியும் கையுமாக அத்தை சமையலறை வாசலுக்கு வந்தார். “யாரு? நம்ம யாழினியா?”

தலையாட்டினேன்.

“என்ன சொன்னா?”

“மழைங்க அத்தை.”

“தமிழ்லதான?”

“தெரியலைங்க அத்தை.”

அத்தை அந்தச் சின்ன முதுகையே பார்த்தார். கரண்டியிலிருந்து ரசம் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“எந்தப் பாஷையா வேணா இருக்கட்டும்” என்றார். “நீ நிறுத்தாத. பாடு.”

முதலிலிருந்து பாடினேன். யாழினி ஒரு மூடியின் மேல் இன்னொரு மூடியை வைத்தாள். வரி முடிந்து நான் மூச்சு வாங்கிய இடத்தில் மறுபடியும் சொன்னாள். என் வாயைத் திரும்பிப் பார்க்கவே இல்லை.